குருதிப் பொருத்தம்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் சிலப்பதிகாரமோ திருக்குறளோ பேசுவானென்று எதிர்பார்த்தல் இயல்பு. அங்ஙனமன்றி உயிரணுப் பிரிவையும் மரபுவழி நோயையும் யாம் பேசப் புகுதல் உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கும். இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இதனைப் படிக்கின்றனர், கட்டம் போட்டு விகிதங் காட்டுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். விடைத்தாளோடு அப்பாடம் முடிந்துபோகின்றது. அதே பிள்ளைகட்கு மணம் பேசுங்காலை நட்சத்திரம் கேட்கின்றோம், முறை கேட்கின்றோம், நிலபுலமும் உத்தியோகமும் கேட்கின்றோம். படித்த அப்பாடம் எவர்க்கும் நினைவில் வருவதில்லை. அது பயன்பட வேண்டிய இடம் தேர்வுக்கூடமன்று, மணப்பேச்சு நிகழும் நம் வீட்டுத் திண்ணையே என்று கருதியே இதனை ஈண்டு எடுத்தோம். எம் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் நண்பரைப் பலகாலும் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றையே கூறுவோம்.

முதற்கண் சொல்லைப்பற்றி ஒன்று. பள்ளிப் பாடநூல் இக்கலையை மரபியல் என்று வழங்குகின்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர். ஆண்டு ஆசிரியர் உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர்களை வகுத்து, அவற்றை அறிவுவகையாற் பகுத்துங் காட்டுவர். இக்கால மரபணுக் கலை முழுதும் அவ்வியலிலேயே அடங்கியுள்ளதென்று சாதிப்பாரும் உளர். யாம் அவ்வாறு கூறோம். நூலில் இல்லாததை உண்டென்று ஏற்றிச் சொல்வது அந்நூலுக்குப் பெருமையாகாது. பெயர் பழையது, பொருள் புதியது.

நிற்க. நம் உடம்பு இலட்சக்கணக்கான கோடி உயிரணுக்களால் ஆயது. உயிரணுவைப் பாடநூல் 'செல்' என்னும். இவையனைத்தும் தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் கூடியமைந்த ஒரே உயிரணுவினின்று வந்தவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். பெருகுதற்கு முன் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் இருக்கும் எழுத்து முழுவதையும் பெயர்த்தெழுதிக் கொள்கின்றது. அவ்வெழுத்தைத் தாங்கிய இழைகளே குரோமோசோம்கள். ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெம்மிங் என்பார் அணுக்களுக்குச் சாயமேற்றி, இவ்விழைகள் பிளந்து இருபாலும் பிரிந்து செல்வதைக் கண்டு 1882 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மனிதர்க்குரிய இழைகள் 48 என்றே அறிஞர் நெடுங்காலம் எழுதிவந்தனர். 1956 ஆம் ஆண்டிலேதான் சுவீடன் நாட்டில் ட்ஜியோ, லெவான் என்னும் இருவர் அவை 46 என்று எண்ணிக் காட்டினர். எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றையே உலகம் இத்தனை காலம் பிழையாக எண்ணியிருந்தது.

இவ்விழைகளை எமக்குப் பழகிய பொருளொன்றைக் கொண்டு விளக்குவோம். அச்சு வருமுன் நம் நூல்கள் பனையேட்டில் இருந்தன. ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுவர். எழுதுவோர் கைப்பிழையால் ஓரெழுத்து விழும், ஒருவரி மாறும், அடுத்துப் பெயர்த்தெழுதுவோர் அப்பிழையையும் உண்மையென்று கொண்டு அப்படியே எழுதுவர். உயிரணுவிலும் இதுவே நிகழ்கின்றது. அங்கே 23 ஏடுகள் உள. ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பிரதி. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஆக 46. பெயர்த்தெழுதுங்கால் நேரும் பிழைகளிற் பெரும்பாலன தீங்கு செய்யாதவை. சில மட்டும் பொருளைக் கெடுப்பவை.

உடம்பு வளர்தற்காக நிகழும் பிரிவில் 46-உம் அப்படியே இருபாலும் சேரும். இதனை மைட்டாசிஸ் என்பர். கருமுட்டையும் விந்தணுவும் உண்டாதற்குரிய பிரிவு வேறு. ஆண்டு ஒவ்வோர் இரட்டையிலும் ஒரு பிரதியே எடுக்கப்பட்டு 23 ஆகக் குறையும். ஆதலின் அதனைக் குன்றல் பகுப்பு என்றும் மியாசிஸ் என்றும் கூறுவர். இரண்டிலொன்றாக 23 முறை எடுத்தால் 83,88,608 வகையிற் சேர்க்கை அமையும். அதற்குமேல் இரட்டைகள் தம்முள் ஏட்டின் பகுதிகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் முகத்தாலும் குணத்தாலும் வேறுபடுதற்கு இதுவே காரணம். தந்தையின் எந்தப் பிரதி வரும், தாயின் எந்தப் பிரதி வரும் என்பதைத் தந்தையும் தாயும் தீர்மானிப்பதில்லை.

இங்கே இரண்டு செய்திகளைத் தாய்மார் பொருட்டுச் சொல்லாமற் கடந்து செல்ல எமக்கு மனமில்லை. இருபத்துமூன்றாம் இரட்டை பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ் என்றும், ஆணுக்கு எக்ஸ், ஒய் என்றும் இருக்கும். தாய் தரக்கூடியது எக்ஸ் ஒன்றே. தந்தை எக்ஸ் தந்தாற் பெண், ஒய் தந்தால் ஆண். பெண்ணையே பெற்றாளென்று மருமகளை வைத வீடுகள் நம்மிடையே எத்தனை! இவ்வொரு வரியை ஏழாண்டுப் பிள்ளைக்குங் கற்பித்துவிடலாம். எழுபதாண்டு மாமியார்க்குக் கற்பித்தல்தான் அரிதாயிருக்கின்றது. மற்றொன்று, இருபத்தொன்றாம் ஏடு குன்றற் பகுப்பிற் சரிவரப் பிரியாமல், பிள்ளைக்கு மூன்று பிரதிகள் வந்துவிடுவது. இதனை டவுன் நோய்க்குறி என்பர். காரணத்தைக் கண்டு 1959 இல் வெளியிட்டவர் பிரெஞ்சு நாட்டு லெஜூன் முதலியோர். தாயின் அகவை ஏற ஏற இது நேர்தல் மிகுகின்றதாயினும், இளந்தாயர்க்கும் நேரும். இது பெரும்பாலும் குலவழி வருவதன்று. பிரிவில் நேர்ந்த பிழையே. கிரகணத்தில் வெளியே வந்தாள், சாபம் தொட்டது என்பனவெல்லாம் வருந்துகின்ற தாயை மேலும் வருத்துஞ் சொற்களேயன்றி வேறல்ல.

இனி எம் பேச்சின் நடுப்பொருளுக்கு வருவோம். ஏட்டின் ஒரு பிரதியில் பிழையிருந்தாலும் மற்றொரு பிரதி செம்மையாயின் பல இடங்களில் உடம்புக்குக் குறை நேர்வதில்லை. செம்மையான பிரதியைக் கொண்டே வேலை நடந்துவிடும். பிழை மறைந்து கிடக்கும். இங்ஙனம் மறைந்து கிடப்பதை ஒடுங்குப் பண்பு என்றும், அப்பிழையொன்றைத் தாங்கியும் நோயின்றி வாழ்வாரைக் கடத்துநர் என்றும் கூறுவர். மறைந்தது அழிவதில்லை என்பதைக் காட்டியவர் புருன் நகரத்துத் துறவியாகிய மெண்டல். அவர் உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்து விளைவித்தார். முதல் தலைமுறையில் அனைத்தும் உருண்டை; சுருக்கம் ஒழிந்ததுபோலத் தோன்றிற்று. அவற்றைத் தம்முள்ளேயே விளையவிட்டபோது 5,474 உருண்டையும் 1,850 சுருக்கமுமாக வந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பேரனிடத்தில் பாட்டனின் சுருக்கம் மீண்டு வந்தது. 1866 இல் அச்சாகிய அக்கட்டுரையின் அருமையை உலகம் 1900 வரை உணரவில்லை. உணர்ந்த இரண்டே ஆண்டில், இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட் என்பார் இதனை மனிதர் நோயோடு பொருத்திக் காட்டினார். சிறுநீர் காற்றுப்பட்டுக் கறுக்கும் அரிய குறையொன்றை ஆராய்ந்த அவர், அக்குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் உடன்பிறந்தாரின் மக்களாயிருத்தலைக் கண்டு 1902 இல் எழுதினார். இச்செய்தி நமக்கு மிகவும் வேண்டியது.

ஏன் வேண்டியதென்பதை ஏட்டைக்கொண்டே காண்போம். சீவகசிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் வெவ்வேறிடத்து ஏடுகளைத் தேடித்தேடி ஒப்புநோக்கினார்கள். ஓரூர் ஏட்டில் விழுந்த எழுத்தை மற்றோரூர் ஏடு தரும். ஆனால் கையிலுள்ள இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவையாயின் என்செய்வது? ஒன்றில் எவ்விடத்தில் எழுத்து விழுந்ததோ மற்றொன்றிலும் அவ்விடத்திலேயே விழுந்திருக்கும். ஒப்புநோக்கியும் பயனில்லை. நெருங்கிய உறவில் மணந்தார்க்குப் பிறக்கும் பிள்ளை கையில் ஏந்துவது இத்தகைய இரு பிரதிகளே. தந்தை வழி வந்ததும் தாய் வழி வந்ததும் ஒரே பாட்டன் ஏட்டினின்று பெயர்த்தவையாய் அமைந்துவிடக் கூடும்.

கணக்கிற் சொல்வோம். ஒருவன் இத்தகைய பிழையொன்றின் கடத்துநன் என்று கொள்க. அவன் தமக்கையிடம் அப்பிழை இருத்தற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. தமக்கை மகளிடம் இருத்தற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. கணவனும் மனைவியும் கடத்துநராயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே அவன் அக்காள் மகளை மணந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் முப்பத்திரண்டில் ஒன்று. நூற்றுவரில் ஒருவர் அப்பிழையைத் தாங்கும் மக்களிடையே உறவல்லாத பெண்ணை மணந்தால் நானூற்றில் ஒன்று. எண்களின் தூரத்தை நீங்களே கண்டுகொள்க.

'நான்கில் ஒன்று' என்பதைப் பிழைபடக் கொள்வாரும் உளர். மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகட்கு அச்சமில்லை என்று எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒவ்வொரு கருவும் புதிதாகத் திருவுளச்சீட்டு எடுப்பது போன்றது. முன்னெடுத்த சீட்டுக்கும் இப்பொழுதெடுக்கும் சீட்டுக்கும் தொடர்பில்லை. நான்கு பிள்ளைகளும் நலமாயிருத்தலும் கூடும். இரண்டு பிள்ளைகட்கு நோய் வருதலும் கூடும்.

இதனைக் கேட்டு, மாமன் மகளை மணந்து இவ்வவையில் அமர்ந்திருப்போர் வருந்த வேண்டா. உறவில் மணந்தார் பெற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். பிறவிக் குறையோடு பிறக்கும் பிள்ளைகள் எங்கும் நூற்றுக்கு இருவர் மூவர் உளர், உடன்பிறந்தார் மக்கள் தம்முள் மணக்கும்போது அத்தொகை ஏறத்தாழ இருமடங்காகின்றது, அவ்வளவே. எம் பாட்டனார் அக்காள் மகளை மணந்து நூறாண்டு வாழ்ந்தார் என்று ஒருவர் கூறினால் யாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் நம் தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மணங்களில் காற்பங்கிற்கு மேல் உறவு மணங்களாதலின், இச்சிறு மிகுதியும் நாடு முழுவதும் சேருங்கால் சிறிதாயிராது. உறவு மணத்திற்கு நன்மைகள் இல்லாமலும் இல்லை. பெண் தாய்வீட்டருகே இருப்பாள், மாமியார் அத்தையாயிருப்பாள், நிலம் துண்டுபடாது. இவற்றை நம் முன்னோர் எண்ணியே செய்தனர். அவர்கள் காலத்தில் மறைந்த பிழையைக் காணும் கருவியில்லை. இன்று உண்டு.

இனி யாம் சொல்லப்போவது சிலர் செவிக்கு இனியதாகாது. 'எங்கள் வீட்டில் உறவு மணமில்லை, ஆனால் சாதிக்குள்ளேதான் கொண்டு கொடுக்கின்றோம், எமக்கென்ன?' என்று கேட்பீர்கள். ஒரு வகுப்பார் சில நூறு குடும்பங்களாய்த் தொடங்கித் தமக்குள்ளேயே பல தலைமுறை மணந்துவந்தால், உறவு தெரியாத இருவரும் தொலைவில் ஒரே மூதாதையின் வழியினராயிருப்பர். ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் ஆய்வு நிலையத்தாரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து நம் நாட்டு மக்களின் மரபணுவை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட கட்டுரை, தாம் பார்த்த 260-க்கு மேற்பட்ட கூட்டத்தாரில் 81 கூட்டத்தார்க்கு இந்நிலை மிக வலிதாயிருப்பதாகக் கூறுகின்றது. அதில் எடுத்துக்காட்டப்பட்டோர் வைசியர். அவர்கள் மூன்று நூறாயிரத்தாரல்லர்; முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர். கூட்டம் பெரிதாயினும் தொடக்கம் சிறிதாயிருந்தமையால், அவர்களிற் சிலர்க்கு பியூட்டிரில் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி குறைவாக உள்ளது. இக்குறை பிற மக்களினும் அவர்களிடம் ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி.

இக்குறையால் வாழ்நாளில் ஒரு துன்பமும் தோன்றாது. அறுவை மேசையிற் படுக்குங்கால்தான் தோன்றும். மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் என்னும் மருந்தைச் செலுத்துவர். பிறர்க்கு அது சில நிமிடங்களில் நீங்கும். இவர்க்கோ மணிக்கணக்கில் நீங்காது. மூச்சுத் தசைகளும் அசையா. கருவியால் மூச்சூட்டிக் காத்திருந்தால் உயிர் பிழைக்கும். காரணம் அறியாத இடத்தில் அஃது உயிரிடர். முன்னரே அறிந்து மயக்க மருத்துவரிடம் ஒருசொல் சொல்லிவிட்டாலோ அவர் வேறு மருந்தைக் கொள்வார். அறிதலுக்கும் அறியாமைக்கும் இடையிலுள்ள தொலைவு அவ்வொரு சொல்லே.

நாம் தூய குருதி என்று பெருமை பேசுகின்றோம். உயிரியலார் அதனையே மூதாதையர் குறைவு என்பர். அன்றியும் அப்பெருமைக்கு வரலாறும் துணைநிற்கவில்லை. 2013 இல் வெளியான மற்றோராய்வு, இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்வரை தம்முட் பெரிதும் கலந்தனரென்றும், வேலியிட்டுக்கொண்டது அதன் பின்னரே என்றும் காட்டுகின்றது. சாதிச் சங்கத்து மேடையிலேயே நின்று இதனைக் கூறுகின்றோம். சங்கம் நம் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றது, விடுதி நடத்துகின்றது. அவற்றுக்காக அதனைப் போற்றுகின்றோம். குருதியின் தூய்மைக்காகப் போற்ற வேண்டுவதில்லை.

நம்மைப்போலவே தம்முள் மணந்து, பெரியோர் பார்த்து முடிக்கும் வழக்கமுடைய ஒரு கூட்டத்தார் என்செய்தனர் என்பதைக் கூறுவோம். ஐரோப்பாவினின்று அமெரிக்கா சென்ற அஷ்கெனாசி யூதரிடையே டே-சாக்ஸ் என்னும் நோய் உண்டு. குழந்தை நன்றாகவே பிறக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். ஆறு மாதத்தையொட்டி, கற்றவை ஒவ்வொன்றாக நழுவும். கழுத்து நில்லாது, கண் தெரியாது, பெரும்பாலும் ஐந்தாண்டு நிரம்புமுன் இறக்கும். அவர்களில் முப்பதின்மர்க்கு ஒருவர் என்னுமளவில் கடத்துநர் உளர். 1969 இல் அந்நோய்க்குக் காரணமான நொதிக்குறை தெரிந்தது. 1971 இல் குருதிப் பரிசோதனை ஊர்தோறும் நடைபெறத் தொடங்கிற்று. ஆயினும் பழைய ஒழுக்கத்தில் உறுதியாய் நின்ற யூதர் இதனை ஏற்கத் தயங்கினர். பரிசோதனையில் பெயர் வெளிப்பட்டால் அவ்வீட்டுப் பெண்ணை எவர் கொள்வார் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சம் நமக்குப் புதியதன்று.

நியூயார்க்கைச் சேர்ந்த யோசேப்பு எக்ஸ்டைன் என்னும் சமயகுரு, தம் குழந்தைகள் நால்வரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1983 இல் 'டோர் யெஷோரிம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதன் முறை மிக எளியது. மணப்பேச்சு எழுமுன்னரே இளைஞரும் இளம்பெண்களும் குருதி தருவர். பெயருக்கு மாறாக ஓர் எண் வழங்கப்படும். கடத்துநரா அல்லரா என்பது அவர்கட்கும் பெற்றோர்க்கும் அறிவிக்கப்படாது. இரு வீட்டார் பேசத் தொடங்கும்போது இரண்டு எண்களையும் அமைப்புக்குச் சொல்வர். 'பொருந்தும்', அல்லது 'பொருந்தாது' என்று மறுமொழி வரும். ஒருவர் மட்டும் கடத்துநராயின் அஃது ஒரு பொருட்டன்று, பொருந்தும். இருவருமாயின் மட்டுமே பொருந்தாது. எவர் பெயரும் கெடவில்லை. எவர் வீட்டின்மேலும் பழி வரவில்லை. இத்தகைய பரிசோதனைகளால் அந்நோயோடு யூதக் குழந்தைகள் பிறப்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துவிட்டது. சைப்பிரசுத் தீவில் தலசீமியா என்னும் நோய்க்கு அந்நாட்டுத் திருச்சபையே மணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டுமென்று விதித்து, அந்நோய்ப் பிறப்பை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டது.

தலசீமியா நமக்கு அயலானதன்று. நம் நாட்டில் நூற்றுக்கு மூவர் நால்வர் அதன் கடத்துநராவர் என்பர். கடத்துநர்க்குச் சிறிது குருதிக் குறைவு இருத்தல் கூடும். அதனை இரும்புச்சத்துக் குறைவென்று கருதி மாத்திரை உண்டு வாளாவிருப்பர். இருவர் கூடிப் பெற்ற பிள்ளை பெருந்தலசீமியாவோடு பிறந்தால், பிறந்த இரண்டாண்டுக்குள் வெளுக்கத் தொடங்கும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை பிறர் குருதி ஏற்றியே வாழ்தல் வேண்டும். ஏற்றிய குருதியின் இரும்பு நெஞ்சிலும் கல்லீரலிலும் சேர்வதை நீக்க நாள்தோறும் மருந்து வேண்டும். பொருத்தமான எலும்பு மச்சை கிடைப்பின் மாற்றிக் குணப்படுத்தலாம். கிடைப்பதரிது, செலவும் பெரிது. இத்துணைத் துயரையும் முன்னரே காட்டும் பரிசோதனையோ ஒரு சிறு குழாய்க் குருதியும், அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்பதன் அளவுமே. ஜாதகம் எழுதுவிக்கும் பணத்தை இதற்கு ஒதுக்க இயலாத வீடு நம்மிடம் மிகச் சில.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் இதழில் மாதந்தோறும் மணமக்கள் விவரம் வெளியிடுகின்றோம். அவ்விவரத்தில் பரிசோதனை முடிவை அச்சிடுக என்று யாம் கேட்கவில்லை, ஒருபோதும் அச்சிடலாகாது. பரிசோதனை செய்துகொண்டார், அல்லது செய்துகொள்ள இசைகின்றார் என்னும் ஒரு குறிப்பு போதும். முடிவை இரு வீட்டாரும் மருத்துவரிடமே வைத்துப் பேசிக்கொள்க. பெண்ணுக்கு மட்டும் செய்து மாப்பிள்ளைக்குச் செய்யாதிருத்தல் அறமுமன்று, அறிவுமன்று. இருவர் பிழையும் கூடினாலன்றி நோயில்லை என்று முன்னரே கண்டோம். இதனை நிச்சயத்திற்குப் பின் செய்தாற் பேச்சு முறியும், மானக்கேடு வரும். பேச்சுக்கு முன் செய்க.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மரபு அறிவைக் கைக்கொண்டு மக்களைத் தரம்பிரிக்கப் புகுந்தோர் செய்த கொடுமையை உலகம் மறவாது. ஜெர்மனியில் 1933 இல் சட்டமியற்றி, மரபு நோயுடையார் என்று குறித்த ஏறத்தாழ 4 இலட்சம் பேரை வலிந்து மலடாக்கினர். பின்னர்க் கொலையிலும் இறங்கினர். யாம் கூறுவது அவ்வழியன்று. நோயோடு பிறந்த பிள்ளை நம் பிள்ளையே. அதற்குப் பள்ளியும் மருந்தும் அன்பும் குறைவின்றித் தருதல் கடன். பரிசோதனை எவரையும் தாழ்த்துதற்கன்று. நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் சில பிழைகளை மறைவாகத் தாங்கியே இருக்கின்றோம். பிழையற்ற ஏடு எங்கும் இல்லை.

கடத்துநர் இருவர் அன்பால் மணந்துவிட்டனர், அல்லது மணந்தபின்னரே அறிந்தனர் எனில் வழியில்லையோ என்று கேட்கலாம். உண்டு. கருவுற்ற பத்து முதல் பதின்மூன்று வாரத்திற்குள் நச்சுக்கொடித் திசுவிற் சிறிது எடுத்துப் பிள்ளைக்கு நோயுண்டா என்று அறிகின்றனர். கருவின் பாலை அறிவித்தல் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றம். நோயறியும் பரிசோதனைக்கு அச்சட்டமே இடந்தருகின்றது. அறிந்தபின் என்செய்வது என்பது அத்தாய் தந்தையர் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யத்தக்கது. அதில் ஊரார்க்கும் உறவினர்க்கும் இடமில்லை, சங்கத்துக்கும் இடமில்லை.

கூட்டந் தொடங்குமுன் எம்மிடம் கேள்வித்தாள்கள் சில வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் விடைகூறி அமர்வோம். எழுதியவர் ஒரு தாய். பெயர் எழுதவில்லை. தம் மூத்த மகனுக்குத் தலசீமியா உண்டென்றும், இளைய மகள் நலமாயிருக்கின்றாளென்றும், பெண்கேட்டு வருவாரிடம் மகன் நோயை மறைக்கலாமா என்றும் கேட்டிருக்கின்றார்.

அம்மையீர்! கணக்கு இவ்வாறு. பெற்றோர் இருவரும் கடத்துநராயின், நோயின்றிப் பிறந்த மகள் கடத்துநளாயிருத்தற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு. பிழையே இல்லாதிருத்தற்கு மூன்றில் ஒன்று. இதனை ஊகிக்க வேண்டுவதில்லை. ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். அவள் கடத்துநள் அல்லளாயின் அவள் வயிற்றிற் பெருந்தலசீமியா வருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. கடத்துநளேயாயினும், மாப்பிள்ளை கடத்துநரல்லாதவராயின் அவர்கள் பெறும் பிள்ளை எதற்கும் அந்நோய் வாராது. ஆகவே நீங்கள் மறைப்பதால் வருவாரின் பரிசோதனையும் தவறிப்போகும். உங்கள் மகள் துணையின்றி இடர்ப்படுவாள். மகன் நோயை நீங்களே முதலிற் சொல்லுங்கள். சொல்லி, உங்கள் பிள்ளைக்குப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள் என்று கேளுங்கள். அஞ்சி ஓடுவார் ஓடட்டும். பரிசோதனை செய்துகொண்டு வருவாரிடம் பெண்ணைக் கொடுங்கள். உங்களுக்குத் துணை வேண்டுமாயின், இக்கேள்வித்தாளில் பெயர் எழுதாவிட்டாலும், நாளைக் காலை சங்க அலுவலகத்தில் எம் மனைவியார் இருப்பார். மருத்துவரிடம் உடன் வருவார்.